வாயைக் கட்டாதவள்

என் எடை இன்றைக்கு எழுபத்தொரு கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்க்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். அதை முடித்துவிட்டு மேலே போகலாம்.

வயது நாற்பத்து நாலு. ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு ஒயரிங் செட் செய்கிற ஒரு கம்பெனியில், கடைசிச் சோதனைப் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. "உடம்பை அசைக்கிறதே இல்லையா?" என்று என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த லைனில் ஒரு மணி நேரம் நின்றதில்லை.

முதல் தடவை வந்தது காலை ஷிப்டில், டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால். கையில் ஒயர் முனைக் கனெக்டரைப் பிடித்து, அதன் பின்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஒரு கோழியைப் பிடித்து அடைத்த மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கால் துவண்டது. முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எண்ணவே முடியலக்கா. ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது" என்றாள். கம்பெனி வண்டியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேரைச் சொல்லப்போவதில்லை.

ஈசிஜி எடுத்ததும் தெரிந்துவிட்டது. டாக்டர் அப்போது பொறுமையாகவே விளக்கினார். இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். என்னுடையது சுருங்காமல் நடுங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நடுங்குகிற இடத்தில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். "பயப்படாதீங்கம்மா, மாத்திரையில கன்ட்ரோல் பண்ணிடலாம்" என்றார்.

நாலு நாள் இருந்தேன். என் வீட்டுக்காரர் செல்வராஜ் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எங்களுக்கு விருதுநகர் பக்கம். ஓசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் லீவு போட்டுவிட்டு ஐசியூ வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், சிக்கு விழுந்துகிடந்த என் தலையை அவரே சீவி, கோணல்மாணலாக ஒரு சடை போட்டுவிட்டார். நர்ஸ்கள் சிரித்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவரைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லப்போகிறேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒன்று. இரண்டாம் மாதமே கோழி திரும்ப வந்தது. அப்போது மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்கள். அமியோடரோன். துடிப்பை ஒழுங்கில் பிடித்து வைக்கிற மாத்திரை. அது வேலை செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு நெஞ்சு அடங்கியே இருந்தது.

அதோடு நானும் அடங்கிப்போனேன்.

மாத்திரை தொடங்கும்போது என் எடை அறுபத்து மூன்று. ஆறு மாதத்தில் அறுபத்தெட்டு. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். குரல் கட்டிக்கொண்டு ஆம்பளைக் குரல் மாதிரி ஆனது. தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லைனில் நின்றேன். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கும் இடம் தாண்டியும் தூங்குவேன். இவை அத்தனையையும் டாக்டரிடம் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தே காட்டினேன். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டே, "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார்.

அடுத்த தடவை எழுபத்திரண்டு. அப்போதுதான் அந்தக் கண்டிஷனைப் போட்டார். இந்தக் கோளாறுக்கு அப்ளேஷன் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயம் வரைக்கும் அனுப்பி, கோளாறான மின்சாரம் கிளம்புகிற இடத்தைப் பொசுக்கிவிடுவார்கள். பெங்களூரில் செய்கிறார்கள். செய்துவிட்டால் அமியோடரோனை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு.

"ஆனா இந்த எடையில அனுப்ப முடியாது. பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் இதே மாத்திரை" என்றார்.

"சார், இந்த மாத்திரை போட்டப்புறந்தான் ஏறுது."

"மாத்திரையில கலோரி இல்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரும் சிரித்தார். அப்போது என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாயைக் கட்ட மாட்டேங்குறா சார்."

 அந்த மாதம் முழுக்க நான் இரவில் சாப்பிட்டது இரண்டு சப்பாத்தி. அதுவும் எண்ணெய் இல்லாமல். வெளியே வந்ததும் கேட்டேன், "நான் என்னத்தத் தின்னேன்னு சொல்றீங்க?" என்று. "சும்மா பேச்சுக்குச் சொன்னேன், டாக்டர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன்" என்றார். அவருக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது. என்னுடைய கோபம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. டாக்டர் மேல் இருந்ததைவிடக் கூடுதலாக, அவர் மேல்.

கம்பெனியில் யூனிஃபார்ம் கோட் பட்டன் போட முடியாமல் போய், மாற்றிக் கேட்கப் போனேன். ஸ்டோர்ஸில் இருந்தவர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "லேடீஸ்ல இந்த சைஸ் வராதும்மா, ஜென்ட்ஸ் கோட்டு தரட்டா?" என்றார். வாங்கிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டேன். என்ன செய்ய? அன்றிலிருந்து கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். நான் தட்டில் சோறு வாங்கினால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தோன்றும். நிஜமாகவே பார்த்தார்கள்.

பத்து கிலோ குறைத்தே தீருவது என்று இறங்கினேன். காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். மத்தியானம் வெள்ளரிக்காய், மோர். இரவு ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து ராயக்கோட்டை ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடை. என் மகள் பவித்ரா கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், "அம்மா, நீ பேசறதுக்கே மூச்சு வாங்குது, கொஞ்சம் சோறு சாப்பிடும்மா" என்று தட்டோடு நிற்பாள். அவளைக் கத்தி விரட்டுவேன். இரண்டு மாதம் அப்படி இருந்தேன். மெஷினில் ஏறி நின்றால் எழுபத்தைந்து. அடுத்த மாதம் எழுபத்தெட்டு. பட்டினி கிடந்து எடை ஏறுகிற ஒருத்தியின் மனசு எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. என்னையே நான் நம்பாமல் போனேன். ஒருவேளை தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

ஒரு திங்கள்கிழமை காலை பவித்ராவைக் காலேஜில் கொண்டுவிட அவளோடு பஸ்ஸில் போனேன். சூளகிரி தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குருபரப்பள்ளியில் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று இரண்டு பேரும் இறங்கினோம். ஹைவே ஓரத்தில் இளநீர்க்கடை இருந்தது. அதன் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது இளநீர்க்காரர் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்து, தலைக்கு நிழலாகத் தன் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பவித்ரா அழுதுகொண்டே போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் சேர்த்தது.

நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் எண்ண முடியாமல் ஓடியது, இப்போது விட்டுவிட்டு அடிக்கிறது.

அங்கே இருந்த டியூட்டி டாக்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. மாத்திரைச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை அப்படி யாரும் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"குரல் எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"இல்லைங்க. ஒரு வருஷமா."

"குளிருதா?"

"ஆமாங்க."

கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு என்னைக் கட்டில் ஓரத்தில் முழங்கால் போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் உதைத்தது. ஆனால் திரும்பி வரும்போது மெதுவாக, யோசித்து யோசித்து வருகிற மாதிரி வந்தது. மறுபடி தட்டினார். அதே மாதிரி.

"இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தைராய்டு டெஸ்ட் எப்ப எடுத்தாங்க?"

"அப்படி ஒண்ணும் எடுக்கலைங்களே."

"ஒரு தடவைகூடவா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். அந்த அழுத்தம் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ரிசல்ட் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிதான் உடம்பின் அடுப்பு மாதிரி. நாம் சாப்பிடுவதை எரிப்பது அதன் சொல்படிதான் நடக்கும். அமியோடரோன் மாத்திரைக்குள் அயோடின் நிறைய இருக்கிறது. அது சிலருக்கு இந்தச் சுரப்பியை அணைத்துவிடும். எனக்கு அணைத்துவிட்டது. அதனால்தான் குளிர், குரல், முடி, மலச்சிக்கல், தூக்கம், வீக்கம், எடை. நாடியும் அதனால்தான் இவ்வளவு இறங்கியது. "எடை மட்டும் முழுக்க அதனாலன்னு சொல்லமாட்டேன். வேகத்தைக் குறைக்கிற மாத்திரையும் கொஞ்சம் ஏத்தும். ஆனா உங்க மேல தப்பு இல்லம்மா. இந்த மாத்திரை கொடுத்தா தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும். பார்த்திருந்தா இவ்வளவு வந்திருக்காது."

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. எங்கள் தெருமுனை லேபிலேயே எடுப்பார்கள். அதை எடுக்காததால் நான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தேன். மகளிடம் கத்தினேன். ஆம்பளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றேன். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

அங்கே ஒன்பது நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் லட்சுமம்மா என்று ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயி. வீசிங்குக்காகச் சேர்ந்திருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். அவர் வீட்டுக்காரர் தினமும் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, களியும் கீரைச் சாறும் தூக்குப்போசியில் கொண்டுவருவார். முதல் நாளே லட்சுமம்மா பாதிக் களியை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"வேணாங்க, நான் எடை குறைக்கணும்."

"எடை கிடக்குது. தினு அக்கா. முகத்தைப் பாரு, செத்தவ மாதிரி இருக்குது. தினு."

தெலுங்கு எனக்கு அரைகுறைதான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். சாப்பிடு. ஒரு வருஷமாக என் மகளைத் தவிர யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. களியைப் பிட்டுச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டேன். அப்போதுதான் அழுதேன். லட்சுமம்மா, "சாறு காரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தைராய்டு மாத்திரையைச் சின்ன அளவில்தான் ஆரம்பித்தார்கள். இதய நோயாளிக்கு வேகமாக ஏற்றக் கூடாதாம். வேகத்தைக் குறைக்கிற மாத்திரையைப் பாதியாக்கினார்கள். அமியோடரோனை இப்போது நிறுத்த வேண்டாம், அப்ளேஷனுக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். இதைப் படிக்கிற யாராவது இதே மாத்திரை சாப்பிட்டால், என் கோபத்தைப் பார்த்துவிட்டு அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது என் உயிரையும் பிடித்து வைத்தது. ரத்தப் பரிசோதனை எங்கே என்று கேளுங்கள். அது போதும்.

டிஸ்சார்ஜ் ஆன வாரமே ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர், "இனிமே அங்க எதுக்கு?" என்றார். "நீங்களும் வாங்க" என்றேன்.

ரிசல்டை டாக்டரின் மேஜை மேல் வைத்தேன். பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "டெஸ்ட் அட்வைஸ் பண்ணியிருப்போமே" என்றார்.

"காட்டுங்க சார்."

தேடினார். இல்லை. பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, "உங்க சைடுலயும் டயட் ஃபாலோ பண்ணலையேம்மா. ரெக்கார்டுலயே இருக்கு, பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றுவதில்லை, குடும்பத்தினர் தெரிவித்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு விசிட்டிலும் அதே வரி. நான் கொண்டுபோன தாளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஒரு சிரிப்புக்காகச் சொன்ன சொல்லை எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். அவர் பெரிய ஆட்கள் முன்னால் நிமிர்ந்து பேசுகிறவர் இல்லை. 

"சார், அதை நான் சொன்னது. சும்மா சொன்னது. அவ என்ன சாப்பிடறான்னு நான் பார்த்ததே இல்ல சார். பாதி நாள் நான் ஷிப்டுல இருப்பேன். பார்த்த நாள்ல அவ ஒண்ணும் சாப்பிடல."

 "அந்த வரியை எடுங்க" என்றேன். ரெக்கார்டில் இருப்பதை அழிக்க முடியாது என்றார் டாக்டர். "அப்ப கீழ எழுதுங்க. மாத்திரையால தைராய்டு கெட்டுப்போச்சு, டெஸ்ட் எடுக்கல, நோயாளி அறிகுறியெல்லாம் சொன்னாங்கன்னு எழுதுங்க." அவர் என்னென்னமோ சொன்னார். வெளியே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு வரி தட்டினார். பிரிண்ட் கேட்டு வாங்கினேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது வீட்டுக்காரர், "என்னை மன்னிச்சிரு ஜெயந்தி" என்றார். "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? உங்க அக்காகிட்ட, தம்பி வீட்ல, எல்லார்கிட்டயும் இதத்தானே சொல்லி வச்சிருக்கீங்க" என்றேன். அவர் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். பார்க்கிங்கிலேயே நின்றுகொண்டு, சாத்தூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். பிறகு தம்பிக்கு. வெயிலில் நின்று நாலு பேருக்குச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். முழுக்கக் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் எப்போதாவது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் அவர் தட்டில் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்கே போய்விடுவேன். ஏன் என்று அவருக்குத் தெரியும். கேட்கமாட்டார்.

ஐந்து மாதத்தில் வீக்கம் வடிந்தது. குரல் திரும்பியது. எடையை யாரும் காரணம் காட்டாமலே பெங்களூரில் அப்ளேஷன் செய்தார்கள். அங்கே இருந்த டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு முடிந்திருக்காது. அமியோடரோனை நிறுத்தினார்கள். தைராய்டு மாத்திரை இன்னும் தொடர்கிறது. சுரப்பி தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம். எழுபத்தெட்டு எழுபத்தொன்றில் வந்து நிற்கிறது. மீதி எட்டு கிலோ என்னோடே இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

போன மாதம் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பெண்கள். எடை மெஷினில் இருந்து இறங்கினேன். புது டாக்டர், சின்ன வயது, எண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே ஆரம்பித்தார்.

"அரிசியைக் குறைங்கம்மா. ஸ்வீட், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம்..."

"சார், நான் என்ன சாப்பிடறேன்னு நீங்க இன்னும் கேட்கலையே. என்ன மாத்திரை போடறேன்னும் கேட்கல."

 அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் ஃபாரத்தைப் புரட்டி, காலியாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார்.

"சரி. சொல்லுங்க."

வழக்கமாக அந்த மேஜைக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.